எரிந்த காட்டின் படம் எதற்குச் சாட்சி?

காடு எரிந்து அடங்கியபின் எடுக்கப்படும் படம் எதைச் சொல்கிறது? நடந்துபோன அழிவையா, வரப்போகும் துளிர்ப்பையா, யாரோ செய்த குற்றத்தையா? இந்தக் கேள்வி கேமராவைவிடப் பழையது. காண்டவ வனம் எரிந்த கதையில், தப்ப வழியின்றி மடிந்த உயிர்களே நினைவில் நிற்கின்றன. தினை விதைப்பதற்காக மலைச்சரிவைச் சுட்டுத் திருத்திய குறவர் வாழ்வில் தீ என்பது உழவின் முதல் வேலை. கேமரா வந்தபின் இவ்விரு பார்வைகளும் படங்களில் தொடர்ந்தன. அவற்றோடு அறிவியல், சட்டம், ஒழுக்கம் ஆகியவை சார்ந்த வேறு விடைகளும் சேர்ந்துகொண்டன.

உலகம் பார்த்துப் பழகிய தீப்படங்கள் பெரும்பாலும் பெருங்காடுகளுடையவை. உத்திரமேரூர் வட்டாரத்தில் கோடையில் எரிவது வேறு: குன்றோரத்துப் புல்லும் முட்புதரும், வற்றிய ஏரி உள்வாயில் காய்ந்து கிடக்கும் கோரையும், கரையோரத்து வேலிகாத்தானும். பெருங்காடுகளைப் பார்த்து உருவான விடைகள் இந்தச் சமவெளிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே இங்கே ஆராயப்படுவது.

அழிவின் சாட்சி

தீக்குப் பிந்தைய படம் முதலில் இரங்கற்படமாகவே வழங்கிவருகிறது. 2019–20இல் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கை எரித்த தீ அதற்கு உலகளாவிய வாசகர்களைத் தந்தது. 2019 டிசம்பர் 31 அன்று நியூ சவுத் வேல்ஸின் லேக் கொன்ஜோலாவில், எரியும் வீட்டைத் தாண்டிப் பாயும் கங்காருவை மேத்யூ அபட் எடுத்தார். மல்லகூட்டா அருகே, கருகி நிற்கும் மரங்களுக்கு நடுவே, பையில் குட்டியோடு நிமிர்ந்து நிற்கும் பெண் கங்காருவை ஜோ-ஆன் மெக்ஆர்தர் எடுத்தார். அடிலெய்டு குன்றுப் பகுதியிலிருந்து வந்த இன்னொரு படத்தில், கம்பிவேலியில் சிக்கியபடியே கருகிப்போன குட்டி ஒன்று இருந்தது.

இவற்றுள் கடைசிப் படம் மற்றவற்றைவிடக் கூடுதலாக ஒன்றைச் சொல்கிறது. அந்தக் குட்டியின் சாவில் தீக்கு மட்டுமல்லாமல், ஓட விடாமல் தடுத்த வேலிக்கும் பங்குண்டு என்பது பார்த்தவுடன் தெரிகிறது. சாவின் காரணம் படத்துக்குள்ளேயே இருக்கும்போது இரங்கற்படம் தடயமாகவும் ஆகிறது. மெக்ஆர்தரின் படத்தில் உள்ள ஒரு செய்தியோ பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அந்தக் கங்காரு நிற்பது தைல மரத் தோட்டத்தில். ஒரே வயது மரங்கள் வரிசையாக நிற்பதைக் கவனித்தால் தெரியும். ஆனாலும் படத்தைப் பார்க்கும் மனம் அதைக் காடு என்றே எடுத்துக்கொள்கிறது. தைலத்தோப்பையும் சவுக்குத்தோப்பையும் காடு என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு இந்த மயக்கம் புதிதல்ல.

இந்த மரபின் வலிமை ஐயத்துக்கு இடமற்றது. மனம் இளகாமல் யாரும் இந்தப் படங்களைக் கடப்பதில்லை. பலவீனம் கணக்கில் இருக்கிறது. ஆஸ்திரேலியத் தீயில் ஏறத்தாழ 300 கோடி விலங்குகள் பாதிக்கப்பட்டதாக உலக இயற்கை நிதியத்துக்காகத் தயாரான மதிப்பீடு 2020இல் வெளியானது. அது இறந்தவற்றோடு இடம்பெயர்ந்தவற்றையும் சேர்த்த எண். பேச்சிலும் தலைப்புச் செய்தியிலும் அதன் பிற்பாதி காணாமல் போனது. பெரும்பங்கு ஊர்வன என்பதும் காணாமல் போனது, ஏனென்றால் கருகிய அரணையை யாரும் படமெடுப்பதில்லை. 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 36 விழுக்காடு பரப்பைத் தீ தொட்டது. அந்த வட்டாரத்தில் இறந்து கிடந்த எல்க் மான்கள் 345. அங்கே வாழ்ந்த எல்க்குகளோ 40,000 முதல் 50,000 வரை. இறந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றது புகை. பெரிய விலங்கின் சடலமே படத்தில் சிக்குகிறது. சிறியவற்றின் சாவும், பெரியவற்றுள் தப்பியவையும் படத்துக்கு வெளியே தங்கிவிடுகின்றன. அழிவை இவ்வகைப் படங்கள் மிகைப்படுத்துகின்றனவா, குறைத்துக் காட்டுகின்றனவா என்று கேட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கின்றன என்பதே பொருத்தமான விடையாக இருக்கும்.

இன்னொரு பலவீனம் படம் இடம் மாறிப் பயணிப்பது. 2000 ஆகஸ்ட் 6 அன்று மொன்டானாவில், தீயின் போக்கைக் கணிக்கும் பணியிலிருந்த ஜான் மெக்கோல்கன், பாலத்தின்மேல் நின்று ஒரு படம் எடுத்தார்: சுற்றிலும் மலை எரிய, பிட்டர்ரூட் ஆற்றுக்குள் இரண்டு எல்க்குகள். மின்னஞ்சல் வழியே அது உலகைச் சுற்றியபோது, எடுத்தவர் பெயரும் இடமும் உதிர்ந்துபோயின. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோது நடந்தது அதைவிட மோசம். கருகிய முயல், குரங்கு என்று தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கைப்பேசிகளில் பரவிய படங்களில் பல வேறு நாடுகளில் வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை. 2020 மே மாதம் உத்தராகண்ட் எரிகிறது என்று பரவியவற்றிலும் பழைய ஆண்டுப் படங்கள் கலந்திருந்தன. அவற்றைப் பகிர்ந்தவர்களின் துயரம் உண்மையானது. ஆனால் அந்தத் துயரத்துக்கு ஆதாரமாக நின்றது பொய். அதன் விளைவாக, பந்திப்பூரில் உண்மையாகவே எரிந்த ஆயிரக்கணக்கான ஏக்கரின் படங்களையும் மக்கள் சந்தேகத்தோடு பார்க்க நேர்ந்தது.

துளிர்ப்பின் சாட்சி

அழிவு என்ற விடைக்கு எதிர்விடை காட்டியல் துறைக்குள்ளிருந்து வந்தது. 1864இல் டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் தலைமைக் காட்டு ஆய்வாளரானதிலிருந்து, தீயை முற்றாகத் தடுப்பதே காட்டுத் துறையின் பெருமை என்று கருதப்பட்டது. அந்தக் கொள்கை வேரூன்றிய சில பத்தாண்டுகளிலேயே துறைக்குள் எதிர்ப்பு எழுந்தது. பர்மாவின் தேக்குக் காடுகளில் தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று 1896இல் ஸ்லேட் என்ற அதிகாரி வாதிட்டார். தீ படாத தரையில் தேக்குக் கன்று எழுவது குறைகிறது என்பது அவர் தரப்பு. யெல்லோஸ்டோனிலும் 1988 தீக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில், பிசினால் மூடிக்கிடந்த ஊசியிலைக் காய்கள் சூட்டில் வெடித்து விதை கொட்டிய நிலத்தில் கன்றுகள் அடர்ந்தன. அன்றிலிருந்து, கரிய தரையில் ஒற்றைப் பசுந்தளிர் என்பது தீக்குப் பிந்தைய படங்களில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது.

இந்த விடையின் ஆழமான வடிவம், தீயைக் கையாளத் தெரிந்த மக்களிடம் இருக்கிறது. பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர் கோடைத் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் இளந்தீயைப் பயன்படுத்தி வந்தார்கள். 1970களில் அந்த மலை சரணாலயமானபின் அது நின்றது. தீ நின்றதால்தான் உண்ணிச்செடி மலையை மூடியது என்பது அவர்கள் கூற்று. இதற்கு நேர்மாறாக, உண்ணிச்செடியே தீக்கு விறகாகி, தீ திறந்துவிட்ட வெளியில் தானே மீண்டும் பரவுகிறது என்ற கருதுகோளை 2005இல் அங்கிலா ஹிரேமத்தும் பாரத் சுந்தரமும் முன்வைத்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று முற்றாக மறுப்பவை அல்ல. சருகுத் தீயும், உயர்ந்து வளர்ந்த உண்ணிப்புதர் கொழுந்துவிட்டெரியும் தீயும் ஒரே தீ அல்ல. ஆனால் எரிந்து ஒரு வாரம் கழித்து எடுக்கும் படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு.

எரியும் வீட்டையும் கங்காருவையும் எடுத்த அதே மேத்யூ அபட், ஆஸ்திரேலியாவின் வடக்கே மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்தின் பழங்குடி மக்கள் திட்டமிட்டு மூட்டும் இளந்தீயைப் பின்தொடர்ந்து எடுத்த படத்தொடர், 2022இல் உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் ஆண்டின் சிறந்த கதையாகத் தேர்வானது. தீயைப் பற்றி இரண்டு எதிர்ப்பக்கங்களையும் ஒருவரே காட்டியிருக்கிறார் என்பது இந்த விவாதத்தில் முக்கியமானது. இரண்டும் உண்மை. வேறுபாடு தீயின் பருவத்திலும் சூட்டிலும் கையிலும் இருக்கிறது.

துளிர்ப்பு மரபின் பலவீனம் பச்சையைக் கண்டவுடன் நிறைவடைந்துவிடுவது. எது துளிர்க்கிறது என்று படம் கேட்பதில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் இது கண்ணெதிரே நடப்பது. எரிந்த வேலிகாத்தான் தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகக் கிளை வெடிக்கும். பக்கத்தில் சிற்றீச்சம் புதரும் கருகிய மட்டைகளுக்கு நடுவிலிருந்து வெளிர்பச்சைக் குருத்தை நீட்டும். முதலாவது வெளியிலிருந்து வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது, இரண்டாவது இந்த முட்புதர்க் காட்டின் சொந்தச் செடி. சற்றுத் தள்ளி நின்று எடுத்தால் இரண்டும் ஒரே நம்பிக்கைப் படம்.

கேமராவின் பங்கும் இதில் உண்டு. கறுத்த தரையைப் பார்க்கும் கேமராவின் ஒளி அளவி, அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஆகவே படம் வேண்டியதைவிட வெளிறும், துளிரின் பச்சை இன்னும் பளிச்சிடும். 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வானம் தீப்புகையால் ஆரஞ்சு நிறமானபோது, பலருடைய கைப்பேசிகள் அதைத் தாமாகவே திருத்திச் சாதாரணச் சாம்பல் வானமாகக் காட்டின. தானியங்கி ஒளி அளவையும் நிறச் சமன்பாட்டையும் நம்பி எடுத்த தீப்படத்தைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை.

ஒரே இடம், பல தேதிகள்

மூன்றாவது விடை அளப்பவர்களுடையது. ஒரே புள்ளியில் நின்று, ஒரே திசையில், ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சேர்ப்பது. 1880களில் ஆல்ப்ஸ் பனியாறுகளை அளக்க செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் தொடங்கிய இந்த முறை பின்னர் எரிந்த நிலங்களுக்கும் வந்தது. இதே எண்ணம் படமின்றியும் செயல்பட்டிருக்கிறது. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனம் 1988இல் 50 ஹெக்டேர் நிலத்தை வரையறுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருமனுள்ள ஒவ்வொரு தண்டுக்கும் எண்ணிட்டது. தீ பலமுறை அதைக் கடந்து போயிருக்கிறது. பெருமரங்கள் பெரும்பாலும் தாங்கின. இளந்தண்டுகள் கருகின, பலவும் வேரிலிருந்து மீண்டும் எழுந்தன. எண்ணிட்ட தண்டுகள் இருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. தீ நடந்த வாரத்தில் அங்கே போய் எடுத்த எந்தப் படமும் இதைச் சொல்லியிருக்காது.

காட்டு விலங்குகளுக்கு இதன் இணை, தடத்தில் கட்டி வைக்கும் தானியங்கிக் கேமரா. 1920களில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி கம்பி இழுத்து வைத்துப் புலிகளைத் தாமே தம்மைப் படமெடுக்க வைத்ததிலிருந்து வந்த வழி அது. தீக்கு முன்பே அங்கே கேமரா இருந்திருந்தால், எந்த விலங்கு எத்தனை நாளில் திரும்பியது என்று தெரியும். தடை அந்த ‘முன்பே’ என்பதில்தான். எரியப்போகும் இடத்தை யாரும் முன்கூட்டி எடுத்து வைப்பதில்லை.

செயற்கைக்கோள் இந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. 2004 முதல் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழித் தீ எச்சரிக்கை தருகிறது. இப்போது பயன்படும் கருவியின் ஒரு படப்புள்ளி 375 மீட்டர் பக்கமுள்ள சதுரம், ஏறத்தாழ 35 ஏக்கர். அதற்குள் எங்கோ சூடு என்று அது சொல்லும். எரிந்தது கோரையா புதரா, எந்த மூலை தப்பியது என்பதை அது சொல்லாது. எச்சரிக்கையும் வன எல்லையை அடிப்படையாகக் கொண்டது. ஏரி உள்வாய் வனக் கணக்கில் வராது.

என் மதிப்பீட்டில் மூன்று விடைகளில் இதுவே உறுதியானது. ஆனால் இது மெதுவானது, கண்ணைக் கவராதது. போட்டியில் பரிசு வாங்காது, செய்தித்தாளின் முதல் பக்கத்திலும் வராது. படம் எடுக்கும் ஆர்வமுள்ளவர்கள் இதைக் கையில் எடுக்காததற்குக் காரணம் அதுதான்.

போகலாமா என்ற கேள்வி

படம் எதைச் சொல்கிறது என்பதற்கு முன், எடுக்கவே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குப் போனவர்களைத் தீ சூழ்ந்து, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டில் காட்டுத்தீ பற்றிய எந்தப் பேச்சும் அந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. அணைந்துவிட்டதாகத் தோன்றும் காட்டிலும் ஆபத்து தீர்வதில்லை: வேர்க்குழிக்குள் கங்கு கிடக்கும், அடி வெந்த மரம் காற்றில்லாமலே சாயும். சரணாலயமானால் படம் எடுக்கவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். வாழிடத்துக்கு மாற்றமோ பாதிப்போ நேராத வகையில் என்ற நிபந்தனையை 2022 திருத்தம் சேர்த்தது.

விலங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் தடை இன்னும் வலுவானது. எரிந்த நிலத்தில் மிச்சமிருக்கும் நீரிடமும், எரியாமல் தப்பிய திட்டும்தான் அதற்குக் கடைசிப் புகலிடம். நல்ல படம் கிடைக்கும் இடமும் அதுவே. அங்கே கேமராவோடு நெருங்குவது, தப்பிப் பிழைத்ததை மீண்டும் ஒருமுறை துரத்துவது. போகவே கூடாது என்ற வாதத்தை முழுதாக ஏற்றால் சாட்சியே இல்லாமல் போகும் என்பது அதற்குள்ள மறுப்பு. தூரத்தில் நிற்பது, சடலத்தைத் தொடாமலும் நகர்த்தாமலும் எடுப்பது, உயிரோடிருக்கும் விலங்கு பார்வையைத் திருப்பினால் விலகுவது என்ற அளவில் இரு தரப்பும் ஒத்துப்போக இடமுண்டு.

தீ வைத்தவர் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் காட்டுத்தீக்குப் பெரும்பாலும் காரணம் மனிதர். படத்தில் அவர் இருக்கமாட்டார். ஆனால் எரிந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவரையோ, சுள்ளி பொறுக்கும் இருளர் பெண்ணையோ வைத்து எடுத்தால், விளக்கம் எதுவும் எழுதாமலே அந்தப் படம் குற்றம் சாட்டிவிடும். எளியவர்மேல் விழும் இந்தப் பழிக்குப் படக்காரர் பொறுப்பேற்றாக வேண்டும்.

ஏரி உள்வாயின் தீ

பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் முதல் சிற்றூர்த் தாங்கல்கள் வரை ஏரிகளால் ஆனது உத்திரமேரூர் நிலம். தென்கிழக்கே வேடந்தாங்கல் இருக்கிறது. கரிக்கிலியும் அருகில்தான். பறவைப் படத்துக்கு வருபவர்கள் மார்கழி, தை மாதங்களில் அங்கே வந்து, நீர் வற்றும்போது போய்விடுகிறார்கள். ஏரி உள்வாய்கள் எரிவது அதற்குப் பிறகு, பங்குனி சித்திரையில். மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டி, முள்ளை ஒழிக்க வேண்டி, சில சமயம் வரப்பில் வைத்த வைக்கோல் தீ பரவி, சில சமயம் அணைக்காமல் எறிந்த பீடியால். கலங்கல் பக்கத்துக் கோரை ஒரு பிற்பகலில் எரிந்து முடியும். கரைமேல் நிற்கும் பனையில் தொங்கும் காய்ந்த மட்டைகளில் தீ ஏறி, தண்டு கரிந்து, உச்சிக்குருத்து பிழைத்தால் மரம் பிழைக்கும்.

எரியும்போதே பறவைகள் வந்துவிடுகின்றன. கரிச்சானும் பனங்காடையும் புகையின் ஓரத்தில், தப்பி ஓடும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கின்றன. மேலே கரும்பருந்து வட்டமிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் இதே கரும்பருந்தும் வேறு இரண்டு வேட்டைப் பறவைகளும் எரியும் குச்சியைத் தூக்கிப்போய் வேறிடத்தில் போட்டுத் தீயைப் பரப்புகின்றன என்பது பழங்குடி மக்களின் நெடுநாளைய அறிவு. 2017இல் அது ஆய்வேட்டில் பதிவானது. அந்தப் பதிவு பெரும்பாலும் கண்டவர்களின் வாய்மொழியைக் கொண்டது. ஐயம் தீர்க்கும் படம் இல்லாததால் நம்பத் தயங்குபவர்கள் உண்டு. படத்தை ஒரே சான்றாக்கினால் கண்டவர் சொல் எப்படி மதிப்பிழக்கிறது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தீ அடங்கிய உள்வாயில், சில வாரங்களில், மஞ்சள் மூக்கு ஆட்காட்டி திறந்த தரையில் முட்டையிடலாம். அதன் முட்டை மண்ணோடு மண்ணாகத் தெரிவதற்கென்றே புள்ளியும் மறுவும் கொண்டது. தரை கரியாக இருக்கும்போது அந்த மறைவு குலைகிறது. அதே நிலத்தில் தீக்கு முன்பே முட்டையிட்டிருந்தால் கூடே எரிந்திருக்கும். உடும்பும் பாம்பும் புற்றுக்குள்ளும் வளைக்குள்ளும் இருந்து தப்ப வாய்ப்பு உண்டு, ஏனென்றால் வேகமாகக் கடந்துபோகும் புல்தீயின் சூடு மண்ணுக்குள் அதிகம் இறங்காது. கௌதாரிக் குஞ்சுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இவற்றில் எதுவும் பெருவிலங்கு அல்ல. உலகத் தீப்படங்களின் மரபில் இவற்றுக்கு இடமே இல்லை.

ஆனால் திரும்பத் திரும்ப எடுக்கும் முறைக்கு இதைவிட வசதியான நிலம் அரிது. மதகு, கலங்கல், கரைக்கல், ஒற்றைப் பனை என்று இடம் மாறாத அடையாளங்கள் எல்லா ஏரியிலும் உண்டு. ஊரார் அன்றாடம் நடக்கும் கரை அது. எரிவதற்கு முந்தைய படம் எடுக்க ஒருவர் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியம் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் அவை, எந்த ஆண்டு என்பதையும் சொல்வதால்தான் கி.பி. 919, 921 என்று நாம் கணிக்கிறோம். எரிந்த ஏரியின் படத்தில் ஏரியின் பெயரும் நாளும் எழுதப்படாவிட்டால், பத்தாண்டு கழித்து அது எந்த ஏரிக்கும் பொருந்தும் படமாகிவிடும்.

தீராமல் நிற்பவை

இதுவரை சொன்னவற்றை வைத்துப் பார்த்தால், ஒற்றைப் படம் அழிவுக்கும் துளிர்ப்புக்கும் போதிய சான்றாகாது என்ற அளவுக்குச் சொல்லலாம். அதற்கப்பால் பல கேள்விகள் முடியவில்லை. இரங்கற்படங்கள் தீ வைப்பதைக் குறைக்கின்றனவா என்பது அவற்றுள் ஒன்று. அவை உதவித்தொகை திரட்டுகின்றன என்பது தெளிவு. மேய்ச்சலுக்காகக் கோரையைக் கொளுத்துபவரின் முடிவை அவை தொடுகின்றன என்று சொல்ல ஆதாரம் போதாது. முட்புதர்ச் சமவெளிக்கு இளந்தீ நன்மையா தீமையா என்பதும் முதுமலையின் கணக்கை வைத்து முடிவுசெய்யக் கூடியதல்ல. மழை வேறு, மரம் வேறு, வேலிகாத்தானும் அங்கே இந்த அளவுக்கு இல்லை.

சேர்க்கும் படங்களை எங்கே வைப்பது என்பது நடைமுறைக் கேள்வி. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். தேதியிட்ட ஏரிப் படங்களுக்கு அதுவே இயல்பான இடமாகத் தோன்றுகிறது. ஆனால் அரசுப் பதிவேட்டில் சேரும் எரிந்த நிலத்தின் படம், ‘யார் வைத்த தீ’ என்ற விசாரணைக்கும் போய்ச் சேரலாம். அந்த அச்சம் இருக்கும்வரை, எரிக்கும் பழக்கத்தை நன்றாக அறிந்தவர்களே படமெடுக்கவும் பேசவும் முன்வரமாட்டார்கள். நிலத்தைக் கவனிக்கும் பதிவையும் ஆளைத் தேடும் பதிவையும் எப்படிப் பிரித்து வைப்பது என்பது படக்கலையால் மட்டும் தீர்வதல்ல. ஊராட்சியும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து பேச வேண்டியது, இன்னும் பேசித் தீராதது.